குடும்பத்தோடு வெளிநாடு போகிறீர்களா? 3,18,000 ரூபாயை இழந்தவன் சொல்கிறேன், இன்சூரன்ஸ் பேப்பரைப் பாருங்கள்

நேற்று சாயங்காலம்தான் கிளைம் கிடையாது என்று மெயில் வந்தது. கோபத்தில் எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 3,18,000 ரூபாய். கிரெடிட் கார்டில் தேய்த்த பணம், அதற்கு வட்டி வேறு ஓடிக்கொண்டிருக்கிறது.

திருச்சியில் டிக்கெட், விசா, டூர் எல்லாம் போட்டுத் தரும் ஒரு டிராவல்ஸ். பெயரைக் கேட்காதீர்கள். சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், 67 வயது அம்மா என ஐந்து பேர் கிளம்பினோம். டிக்கெட்டோடு இன்சூரன்ஸும் போட்டுவிடலாம் என்றார் கடைக்காரர். அம்மாவுக்குப் பல வருஷமாக பிரஷர், தினமும் மாத்திரை சாப்பிடுகிறார் என்று கவுன்டரில் உட்கார்ந்தபடியே சொன்னேன். "பிரஷர் இல்லாத அம்மா இந்த ஊர்ல யாருண்ணே இருக்கா? இது குடும்ப பாலிசி, அஞ்சு பேருக்கும் 50,000 டாலர், ஆஸ்பத்திரிக்குப் போனா ஒத்த ரூபா கையிலிருந்து கட்ட வேண்டாம்" என்றார். டீ வரவழைத்தார். அம்மாவைப் பார்த்து, "நீங்க கவலப்படாம பேரப்பிள்ளைங்களோட சுத்திட்டு வாங்கம்மா" என்றார். வெளியே வந்ததும் அம்மா, நல்ல பையன், அடுத்த தடவையும் இவனிடமே போடலாம் என்றார். படிவத்தைக் கடைக்காரர்தான் தட்டினார். எனக்கு ஓடிபி வந்தது, சொன்னேன், முடிந்தது. கையில் கிடைத்தது கலர் பிரிண்ட் ஒரே ஒரு தாள். முழு பாலிசி கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்தது, பொடி எழுத்தில் முப்பது நாற்பது பக்கம்.

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் அம்மா தலை சுற்றி விழுந்துவிட்டார். 995-க்கு அடித்தோம், ஆம்புலன்ஸ் வந்தது, பிரஷர் எகிறியிருந்ததால் உள்ளே சேர்த்தார்கள். அங்கே மானியமெல்லாம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், நம்மைப் போல் போகிறவர்களுக்கு முழு பில், அதுவும் டெபாசிட் கட்டிய பிறகுதான் வார்டு. இன்சூரன்ஸ் உதவி எண்ணைக் கூப்பிட்டால் பாட்டு ஓடியது, பிறகு ஒரு பெண் எடுத்து, "நீங்கள் கட்டிவிடுங்கள், ஊருக்கு வந்து பில்லை அனுப்புங்கள்" என்று வைத்துவிட்டார். கட்டினேன்.

மெயிலில் இருப்பது இதுதான்: ஏற்கெனவே இருந்த நோய், விண்ணப்பத்தில் தெரிவிக்கப்படவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் பல வருட ரத்த அழுத்தம் என்று டாக்டர் எழுதிய ஒரு வரி போதுமாக இருந்திருக்கிறது. விண்ணப்ப நகலை வாங்கிப் பார்த்தால் நோய் உண்டா என்ற கட்டத்தில் ஐந்து பேருக்கும் 'இல்லை'. நான் வாய்விட்டுச் சொன்னதை அந்த ஆள் போடவே இல்லை! பாலிசியில் ஏஜென்ட் என்று இருப்பதும் அவர் பெயர் இல்லை, கோயம்புத்தூரில் யாரோ. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பழைய நோய்க்கும் கொஞ்சம் தருவார்களாம். அம்மா தன் காலால் நடந்து வெளியே வந்ததால் அது ஆபத்தில் சேராதாம். இன்னும் கேளுங்கள், அந்த 50,000 டாலர் ஆளுக்கு அல்ல, ஐந்து பேருக்கும் சேர்த்து. 60 வயது தாண்டியவர்களுக்கு அறை வாடகை, ஐசியூ, டாக்டர் பீஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உச்சவரம்பு வேறு, எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் 100 டாலர் நம் தலையில்.

டிராவல்ஸுக்கு போன் போட்டேன். முதலில், "கம்பெனிகிட்ட பேசுங்கண்ணே." கம்பெனி, உங்கள் ஏஜென்ட்டைக் கேளுங்கள் என்றது. நேரில் போனால் ஓனர் வெளியூர். கடைசியில் போனை எடுத்தவர் சொன்னது: "அடுத்த ட்ரிப்புக்கு டிஸ்கவுன்ட் போட்டுத் தர்றேண்ணே." 3,18,000 போன வீட்டில் அடுத்த ட்ரிப்!

விவரமாக யோசனைகள் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், மனசில்லை. இதையாவது செய்யுங்கள். விண்ணப்பத்தில் நோய் பற்றிய கட்டத்தை உங்கள் கண்ணால் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். அப்பா அம்மாவைக் குடும்ப பாலிசியில் சேர்க்காமல், நோயைச் சொல்லி, பழைய நோய்க்கும் கவர் உள்ள பாலிசியாகத் தனியாக எடுங்கள், பிரீமியம் கூடத்தான் செய்யும். சில கம்பெனிகளின் குடும்ப பாலிசியில் பெற்றோரே கிடையாது, அதையும் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த உடனே உதவி எண்ணுக்கு போனோடு மெயிலும் போடுங்கள், போன் பண்ணியதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

ஏற்கெனவே மாட்டியவர்கள் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது கம்பெனி மீதான புகாரை விசாரித்துத் தீர்ப்பவரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், ஆனால் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கம்பெனிக்கு என் கடிதம் இன்று காலை ஸ்பீட் போஸ்டில் போய்விட்டது.