தம்பியை சேர்த்த ட்ரெய்னிங் சென்டர் - ஒன்றரை வருஷம் கழிச்சு என் ரிவ்யூ (5க்கு 3.5)

சென்டர் பேரை வேணும்னேதான் போடல. குறையும் சொல்லப்போறேன், தம்பி இன்னும் அவங்க பிடிச்சுக் கொடுத்த கடையிலதான் வேலை பாக்கறான், எதுக்கு வம்பு. தென்சென்னைல இருக்கு, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் இருக்கற 18 வயசுக்கு மேல பசங்களுக்கு வேலைக்கு ட்ரெய்னிங் கொடுத்து வெளியில வேலைல சேர்த்து விடறாங்க, ஃபீஸ் கிடையாது, ஏதோ கம்பெனி சமூக சேவைக்குன்னு ஒதுக்கற சிஎஸ்ஆர் காசுல ஓடுது. இவ்ளோ போதும்.

தம்பிக்கு இப்ப 23. யுடிஐடி கார்டுல (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) அறிவுசார் குறைபாடு 50%னு போட்டிருக்கும். பேசுவான், படிப்பான் மெதுவா, கணக்குதான் சுத்தமா வராது. ஸ்கூல் முடிச்சதும் பக்கத்துலயே இருந்த வேற ஒரு இடத்துல ரெண்டு வருஷம் போட்டோம், அங்க மெழுகுவர்த்தி, காகிதக் கவர், மிதியடி, தீபாவளிக்கு அகல் விளக்குக்கு பெயின்ட். நல்ல ஜனங்கதான், குறை சொல்ல மனசு வரல, ஆனா ரெண்டு வருஷம் கழிச்சும் அவன் அதே கவரைத்தான் ஒட்டிக்கிட்டு இருந்தான், மாசம் 300 ரூபா ஊக்கத்தொகைன்னு கையெழுத்து வாங்கிட்டு கொடுப்பாங்க. அடுத்தது என்னன்னு கேட்டா "இங்கேயே இருக்கட்டுமே, பாதுகாப்பா இருக்கான்ல"ன்னு சொல்லுவாங்க. அம்மாவுக்கு அது போதும். எனக்குதான் போதல.

அரசு வேலை பாக்கலாமேன்னு சித்தப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல அரசு வேலை இடஒதுக்கீடு 3லேர்ந்து 4% ஆச்சு, நிஜம்தான், ஆனா அந்த 4ஐ எப்படிப் பிரிச்சிருக்காங்கன்னு யாரும் பாக்கறதில்ல. பார்வை இல்லாதவங்களுக்கு 1, காது கேளாதவங்களுக்கு 1, கை கால் குறைபாடுக்கு 1, மிச்ச 1லதான் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாரும் சேர்ந்து வரணும். அதுலயும் பரீட்சை எழுதி வரணும். கூட்டல் போட விரல் எண்ணற பையன் எழுதி வர்றதுக்குள்ள எனக்கு பென்ஷன் வந்துடும்.

சரி சென்டருக்கு வரேன். மூணு மாசம் வகுப்பு, அப்புறம் வேலை. வகுப்பு சுமார்தான். எல்லாரையும் ஒரே ரூம்ல உக்கார வச்சு கம்ப்யூட்டர், எக்செல்னு எடுத்தாங்க, என் தம்பிக்கு எக்செல் எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல, செவுத்துல ஒட்டியிருந்த சார்ட்டெல்லாம் இங்கிலீஷ், பாதி பசங்களுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். அப்புறம் ஸ்பான்சர் ஆளுங்க வர்ற அன்னிக்கு எல்லாருக்கும் ஒரே கலர் டீசர்ட் போட்டு போட்டோ. தம்பிக்கு போட்டோன்னா உயிர், அவன் சந்தோஷமாதான் நின்னான், எனக்குதான் ஒரு மாதிரி இருந்துச்சு. அந்த மூணு மாசத்துல நல்லா நடந்த ஒரே விஷயம் பஸ். வகுப்புல சொல்லித் தராம கூடவே பஸ் ஏறி இறங்கிக் கத்துக்கொடுத்தாங்க. முதல் வாரம் பக்கத்து சீட்டு, அடுத்த வாரம் பின்னாடி சீட்டு, அதுக்கப்புறம் வேற பஸ்ல பின்னாடியே வந்து ஸ்டாப்புல நின்னு பாத்தாங்க. அவனுக்குத் தெரியாது. ஸ்டாப்பு பேர் படிக்கறதுக்குள்ள பஸ் கிளம்பிடும்ங்கறதால ஒரு பிள்ளையார் கோயில், ஒரு டயர் கடை, ரெண்டையும் போட்டோ எடுத்து போன்ல வச்சுக் கொடுத்தாங்க, டயர் கடை வந்தா எழுந்து நில்லு, கோயில் வந்தா இறங்குன்னு. சாதாரண கட்டண டவுன் பஸ்ல மாற்றுத்திறனாளிகளுக்கு டிக்கெட் இல்ல, கூட வர்ற ஒருத்தருக்கும் இல்ல, அதனால செலவும் ஆகல.

3.5 ஸ்டார் எதுக்குன்னா இதுக்கு அப்புறம் நடந்ததுக்குதான். வேளச்சேரி பக்கம் ஒரு நடுத்தர சூப்பர் மார்க்கெட்ல வேலை. தம்பியை அனுப்பறதுக்கு முன்னாடியே சென்டரோட ஜாப் கோச் மேடம் (வேலை இடத்துலயே கூட இருந்து கத்துக்கொடுக்கறவங்க) ரெண்டு நாள் அந்தக் கடையில போய் அவங்களே நின்னு சரக்கு அடுக்கி வேலை பாத்திருக்காங்க! அட்டைப்பெட்டி எங்க வருது, கத்தி யார்கிட்ட இருக்கு, டீ எப்ப, பாத்ரூம் எங்க, யாரு சிடுசிடுன்னு பேசுவாங்க எல்லாம் எழுதி வச்சிருந்தாங்க. அப்புறம் அந்த வேலையை 14 படியா உடைச்சு போட்டோ ஒட்டி ஒரு சின்ன புக்கு, பாக்கெட்ல வச்சுக்கற சைஸ்ல.

பெரிய சிக்கல் எக்ஸ்பைரி டேட். பழைய சரக்கு முன்னாடி, புதுசு பின்னாடி வைக்கணும், அதுக்கு ரெண்டு தேதில எது முந்தினதுன்னு தெரியணும், அதுதான் இவனுக்கு வராதே. மேடம் ரெண்டு நாள் யோசிச்சுட்டு எக்ஸ்பைரி மாசத்துக்கு ஒரு கலர்னு பொட்டு ஸ்டிக்கர் வாங்கிட்டு வந்தாங்க. சரக்கு வந்ததும் பில்லிங் அக்கா பெட்டி மேல அந்த மாசத்துக் கலரை ஒட்டிடுவாங்க, இவன் பெட்டியைப் பிரிச்சு அதே கலர் பொட்டை ஷெல்ஃப்ல ஒட்டி அடுக்குவான், எந்தக் கலர் முன்னாடின்னு ஒரு அட்டை தூண்ல தொங்கும். அவ்ளோதான். சூப்பர்வைசர் அண்ணன் முதல்ல இதெல்லாம் டைம் வேஸ்ட்டுன்னாரு, இப்ப மத்த பசங்களும் அந்தப் பொட்டைப் பாத்துதான் எடுக்கறாங்க. கஸ்டமர் வந்து "தம்பி, உளுத்தம்பருப்பு எங்க"ன்னு கேட்டா முதல்ல அப்படியே விறைச்சுப்போய் நிப்பானாம். வழி சொல்லத் தெரியாட்டி சொல்ல வேணாம், "வாங்க"ன்னு கூட்டிட்டுப் போய் கவுன்டர் அக்காகிட்ட விட்டுடுன்னு பழக்கிட்டாங்க. வீட்ல யாராவது எதையாவது தேடினாலும் இப்ப "வாங்க"ன்னு அம்மாகிட்ட கூட்டிட்டுப் போய் விட்டுடறான்.

முதல் ரெண்டு வாரம் மேடம் தினம் கூடவே, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் வாரம் ஒரு தடவை, அப்புறம் போன். முதல்ல வேலைல நிறுத்து, அங்கேயே கத்துக்கொடு, கொஞ்சம் கொஞ்சமா விலகுங்கறதுதான் முறையாம். எங்க பழைய இடத்துல ரெண்டு வருஷத்துல வராதது இங்க ஆறு வாரத்துல வந்துச்சு. கடை ஓனரையும் மேடம்தான் பேசி ஒத்துக்க வச்சாங்க, "பாவம்மா, ஒரு பையனுக்கு ஏதாவது செய்யலாம்"னு அவர் சொன்னதுக்கு "பாவத்துக்கு வேணாம் சார், லெமன் ட்ரீ ஹோட்டல்ல 2007ல ரெண்டு காது கேளாதவங்களை எடுத்தாங்க, வேலை நல்லா நடந்ததாலதான் அப்புறம் நிறைய மாற்றுத்திறனாளிகளை எடுத்தாங்க, நீங்களும் மூணு மாசம் பாருங்க, சரி வரலைன்னா சொல்லுங்க"ன்னாங்களாம்.

சம்பளம் மாசம் 12,000, அதே வேலை பாக்கற மத்த பசங்களுக்கு என்னவோ அதேதான், இதை சென்டர் எழுதியே வாங்கிட்டாங்க. பிஎஃப், ஈஎஸ்ஐ போக கைக்கு 10,470. ஈஎஸ்ஐ கார்டு வந்த அன்னிக்கு அம்மா அதை சாமி படத்துக்கு முன்னாடி வச்சாங்க, சம்பளத்தை விட அதுதான் அவங்களுக்குப் பெருசு.

இப்ப குறை. பேங்க் அக்கவுன்ட் பத்தி ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லல. முதல் மாச சம்பளம் போட கணக்கு வேணும்னதும் போனா, ஒரு பேங்க்ல (பேர் வேணாம்) யுடிஐடி கார்டைப் பாத்துட்டு கார்டியன் சர்டிஃபிகேட் (சட்டப்படி இவனுக்குப் பாதுகாவலர் யாருன்னு காட்டற சான்று) கேட்டாங்க. 18 தாண்டிட்டா அம்மா அப்பாவே தானா கார்டியன் ஆக முடியாது, 1999 நேஷனல் ட்ரஸ்ட் சட்டப்படி கலெக்டர் இருக்கற லோக்கல் லெவல் கமிட்டில மனு போட்டு வாங்கணும், ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நாலுக்கும் அதுதான் வழி. எங்களுக்கு அது கைக்கு வர மூணு மாசம் ஆச்சு, அதுவரைக்கும் ஓனர் கையில காசா கொடுத்தாரு, அவர் நல்ல மனுஷன், எல்லாரும் கொடுப்பாங்களா? பையன் ட்ரெய்னிங்ல இருக்கும்போதே இந்த மனுவைப் போட்டு வச்சுடுங்க. மாசம் வர்ற 2,000 உதவித்தொகை வேலைக்குப் போனா நின்னுடுமோன்னு பயப்படறவங்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல நேர்லயே கேளுங்க, சென்டர்ல ஆளுக்கொன்னு சொல்லுவாங்க.

அடுத்தது இன்னும் பெரிய குறை. ஆறு மாசத்தோட மேடம் வர்றது நின்னுடுச்சு. எட்டாவது மாசம் சூப்பர்வைசர் மாறினாரு, புதுசா வந்தவருக்கு இவனைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல, புக்கு, பொட்டு எதுவும் தெரியாது. குடோன்ல அரிசி மூட்டை தூக்க வச்சிருக்காரு, பாத்ரூம் கழுவ விட்டிருக்காரு. இவன் வீட்ல ஒண்ணும் சொல்லல, ராத்திரி சாப்பிடறது மட்டும் குறைஞ்சுது, காலையில சட்டை போட அரைமணி நேரம். பத்து நாள் கழிச்சு பில்லிங் அக்காதான் எனக்கு போன் பண்ணாங்க. சென்டருக்கு போன் அடிச்சா "அந்த பேட்ச் ப்ராஜெக்ட் முடிஞ்சு போச்சு மேடம்"னு ஒரு பையன் என்கிட்ட சொல்றான். பேட்ச் முடிஞ்சா என் தம்பியும் முடிஞ்சானா? அப்புறம் நான் நேர்ல போய் சத்தம் போட்ட பிறகு பழைய கோச் மேடமே, லீவு நாள்ல, வந்து புது சூப்பர்வைசர்கிட்ட பேசி, ஒரு வாரம் கூட நின்னு சரி பண்ணாங்க. அவங்களுக்கு மட்டும்னா 5 ஸ்டார். ஹெட் சார்கிட்ட கேட்டா, ஸ்பான்சர் எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுதுன்னுதான் கணக்கு கேக்கறாங்க, ஒரு வருஷம் கழிச்சு எத்தனை பேர் அதே வேலைல இருக்காங்கன்னு கேக்கறதில்ல, அதுக்குக் காசும் வர்றதில்லன்னு ஒளிக்காம சொன்னாரு. சரி, ஆனா அதைச் சேர்க்கும்போதே சொல்லியிருக்கலாமே.

அதனால எந்த சென்டருக்குப் போனாலும், எத்தனை பேரை ப்ளேஸ் பண்ணீங்கன்னு கேக்காதீங்க, பெரிய நம்பரா சொல்லுவாங்க. போன வருஷம் சேர்த்த பசங்களோட வீட்ல ரெண்டு பேர் நம்பர் கொடுங்க, சூப்பர்வைசர் மாறினா யார் வருவீங்கன்னு கேளுங்க. சென்டர் எதுவும் அமையலைன்னா கிண்டில மத்திய அரசோட நேஷனல் கெரியர் சர்வீஸ் சென்டர் மாற்றுத்திறனாளிகளுக்குன்னே இருக்கு, பழைய ஆளுங்க விஆர்சின்னு சொல்லுவாங்க, பையனுக்கு எந்த வேலை செட் ஆகும்னு பாத்து சொல்லுவாங்க.

இந்த சென்டர் பேர் வேணும்கறவங்க தனியா மெசேஜ் பண்ணுங்க, சொல்றேன். போகும்போது யுடிஐடி, ஆதார் ரெண்டும் ஒரிஜினலோட மூணு மூணு ஜெராக்ஸ், பக்கத்துல ஜெராக்ஸ் கடை இல்ல. ட்ரெய்னிங்ல மத்தியான சாப்பாடு கிடையாது, டப்பா கட்டிக் கொடுத்துடுங்க.