பதினாறு ஆண்டுகள், ஒரே டவுன் பஸ்

கேடிசி நகருக்குக் குடிவந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. வேலை திருநெல்வேலி டவுனில், கீழ ரத வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதுவது. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. கற்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. சமாதானபுரம், பாளை பஸ் நிலையம், முருகன்குறிச்சி, வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம், ஜங்ஷன் என்று வந்து டவுன் ஆர்ச் அருகே இறங்குகிறேன். எங்கள் பகுதியின் பெயரிலேயே பஸ் இருக்கிறது: கேடிசி என்றால் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். 1974-இல் தொடங்கிய கழகம் அது. 1997-இல் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை எல்லாம் எடுத்தபோது பஸ்ஸிலிருந்து அந்தப் பெயர் போய்விட்டது. குடியிருப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் வண்டியைப் பற்றி. நான் ஏறத் தொடங்கிய காலத்தில் மழை பெய்தால் பஸ்ஸுக்குள்ளும் குடை பிடித்தவர்கள் உண்டு. ஜன்னல் தகரத்தை இறக்கினால் ஏறாது, ஏற்றினால் இறங்காது. இப்போது வரும் வண்டிகள் எவ்வளவோ மேல். இருக்கை கிழிந்திருப்பதில்லை, பலகை எழுத்து தூரத்திலேயே தெரிகிறது. ஆனால் படியின் உயரம் குறையவில்லை. முருகன்குறிச்சியில் தினமும் ஒரு ஆச்சி ஏறுவார். முதலில் கூடையை உள்ளே தள்ளிவிட்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு மூச்சு வாங்கி, வலது முழங்காலைப் படியில் ஊன்றி ஏறுவார். காலை ஊன்றி அல்ல, முழங்காலை ஊன்றி. புது வண்டி வந்த அன்றும் அப்படித்தான் ஏறினார்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கடைக் கணக்கு எழுதுகிறவள் வீட்டுக் கணக்கை விடுவேனா? போக வர ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால் மாதம் ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சியது. அதைத் தபால் நிலையத்தில் தொடர் வைப்பாகப் போட்டு வருகிறேன். பஸ்ஸுக்குள் இருக்கும் முகங்களும் மாறின. பீடிக் கட்டோடு மேலப்பாளையம் போகிறவர்கள், பூ வாங்க டவுனுக்கு வருகிறவர்கள், ஒன்றும் வாங்காமல் நெல்லையப்பரைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்புகிறவர்கள். முன்பெல்லாம் அந்தக் கடைசி ரகத்தினர் நடந்தார்கள், அல்லது வரவே இல்லை.

குறையும் இதில்தான் இருக்கிறது. நிறுத்தத்தில் நாங்கள் நாலு பெண்கள் மட்டும் நின்றால் சில ஓட்டுநர்களுக்குக் கண் தெரிவதில்லை. ஐம்பது அடி தள்ளி நிறுத்துவார்கள், ஓட வேண்டும். அதற்குள் பின்னால் தனியார் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்துவிடும். நேரத்துக்கு வருகிறது, வாசலில் நின்று "டவுன், டவுன்" என்று கூப்பிடுகிறார்கள், டிக்கெட் மட்டும் வாங்க வேண்டும். போன மாதம் நாள்காட்டியில் குறித்து வந்தேன்: இருபத்தைந்து வேலைநாளில் ஒன்பது நாள் காசு கொடுத்தே போயிருக்கிறேன். இலவச பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நின்றால் கடையில் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். அப்புறம் எது இலவசம்?

பணம் செலவழிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஜங்ஷன் பஸ் நிலையத்தை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 2018-இல் இடித்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அது தகரத்தால் மறைத்த பள்ளமாக இருந்தது. அந்த ஆண்டுகளில் எந்த பஸ் எந்தக் கடை வாசலில் நிற்கும் என்பது எனக்கு மனப்பாடம். வெயிலில் நின்ற இடத்துக்கு எதிரே சர்பத் கடை இருந்தது. என் சேமிப்பில் பாதி அங்கேதான் போனது. இப்போது நிலையம் திறந்தாகிவிட்டது. தரை நன்றாக இருக்கிறது, மேலே கடைகள், உட்கார இடம் இருக்கிறது. உட்கார இடம் இருப்பது நல்லதுதான், ஏனென்றால் நிறைய நேரம் உட்கார வேண்டியிருக்கிறது.

வெளியூர் பஸ்கள் 2003 முதல் வேய்ந்தான்குளம் புதிய நிலையத்துக்குப் போய்விட்டன. (மழைக்காலத்தில் அங்கே இறங்குகிறவர்கள் பெயரின் கடைசி மூன்று எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளவும்.)

வழியில் எனக்குப் பிடித்த இடங்கள் இரண்டு. ஒன்று, 1843-இல் சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டிய ஆற்றுப்பாலம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷனே மூழ்கி, இரண்டு கரையும் தனித்தனி ஊராகக் கிடந்தபோதுதான் அந்த மனிதர் போட்ட முதலின் அருமை எனக்கு உறைத்தது. இன்னொன்று, 1973-இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம். பஸ் மேலடுக்கில் ஏறும்போது கீழே தண்டவாளத்தில் ரயில் போனால், இருபது வருடப் பயணியும் எட்டிப் பார்ப்பார்.

ரயில் என்றதும் என் தங்கையின் கதை. சென்னையிலிருந்து வந்தே பாரத்தில் வந்தாள். 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய வண்டி. அறுநூற்றைம்பது கிலோமீட்டரை எட்டு மணி நேரத்துக்குள் கடந்து இரவு பத்தரைக்கு மேல் ஜங்ஷனில் இறக்கிவிட்டது. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு பஸ் இல்லை. ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். "அக்கா, சென்னையில் இருந்து வந்தது கூடத் தெரியவில்லை, ஜங்ஷனில் இருந்து வந்ததுதான் தெரிகிறது" என்றாள்.

புதிதாக எங்கள் பக்கம் குடிவருகிறவர்களுக்கு: காலையில் எட்டு இருபதுக்கு முன் நிறுத்தத்தில் இருங்கள். சில்லறையாக இருபது ரூபாய் தனியாக வைத்திருங்கள், தனியார் பஸ்ஸுக்கு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று பஸ் ஆர்ச் வரை போகும் என்று நம்பாதீர்கள். மாலையில் பலகையில் கேடிசி நகர் என்று எரிந்தாலும், "அண்ணாச்சி, போகுமா?" என்று கேட்டுவிட்டே ஏறுங்கள். சில நாள் அது டெப்போவுக்குப் போகிறது.