மெல்லிய லென்ஸா, நல்ல லென்ஸா? சி.ஆர்.-39 முதல் 1.74 வரை ஓர் அலசல்

கண்ணாடிக் கடையில் பவர் எழுதிய சீட்டை நீட்டியதும் ஒரு விலைப்பட்டியல் நம் பக்கம் திரும்பும். 1.50, 1.56, 1.60, 1.67, 1.74 என்று ஒளிவிலகல் எண் (லென்ஸ் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதற்கான அளவு) ஏற ஏற விலையும் ஏறும். எண் பெரிதானால் லென்ஸ் மெலியும், மெலிந்தால் நல்லது, ஆகவே கையில் காசு உள்ளவர் கடைசி வரியை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்தப் பட்டியல் சொல்லாமல் சொல்வது. இது பாதி உண்மை. மீதிப் பாதி, லென்ஸுக்குள்ளே மூலக்கூறுகள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதில் இருக்கிறது. அதற்குப் பட்டியலில் இடமில்லை.

பள்ளியில் படித்த இளகும் பிளாஸ்டிக், இறுகும் பிளாஸ்டிக் என்ற பிரிவு இங்கே கைகொடுக்கும். பாலிகார்பனேட் (எண் 1.586) இளகும் வகை. அதன் நீண்ட மூலக்கூறுகள் இடியாப்பத்தின் இழைகளைப் போல ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன, ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. சூடேற்றினால் நழுவும், ஓடும். கடையில் உள்ள மற்ற லென்ஸ்கள் பெரும்பாலும் இறுகும் வகை. திரவமாக அச்சில் ஊற்றப்பட்டு, மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் உருவாகி, கடைசியில் லென்ஸ் முழுவதும் ஒரே வலைப்பின்னலாக இறுகிவிடுகிறது. மறுபடி உருக்க முடியாது. சூட்டில் உருகுவதற்குப் பதில் கருகும்.

இறுகும் வகையில் மூத்தது சி.ஆர்.-39, பட்டியலில் 1.50 என்று இருப்பது. நம் ஊர்க் கடைகளில் 'பைபர்' என்று கேட்டால் எடுத்துத் தருவது இதைத்தான். 1940-இல் அமெரிக்காவின் பி.பி.ஜி. நிறுவனத்தைச் சேர்ந்த வேதியியலாளர்கள் 'கொலம்பியா ரெசின்' என்ற பெயரில் வரிசையாகச் சோதித்த கலவைகளில் 39-ஆவது இது. போர்க்காலத்தில் பி-17 குண்டுவீச்சு விமானங்களின் எரிபொருள் தொட்டிகளின் எடையைக் குறைக்கப் பயன்பட்டது. போர் முடிந்து தேவை வற்றியபோது, கலிபோர்னியாவின் ஆர்மர்லைட் நிறுவனம் 1947-இல் இதை மூக்குக்கண்ணாடி லென்ஸாக வார்த்தது. அதன் நிறுவனர் ராபர்ட் கிரகாம் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர்களின் விந்தணுக்களைச் சேமிக்கும் வங்கியைத் தொடங்கி வேறு விதத்தில் பேர் வாங்கினார் என்பது கிளைக்கதை. அந்த விந்தணு வங்கி மூடப்பட்டுவிட்டது. லென்ஸ் இன்றும் கோடிக்கணக்கான மூக்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

வார்க்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வழவழப்பாக மெருகேற்றிய இரண்டு கண்ணாடி அச்சுகளுக்கு நடுவே ரப்பர் போன்ற வளையம் ஒன்றை வைத்து, இடைவெளியில் மோனோமர் (இன்னும் கோக்கப்படாத சிறு மூலக்கூறுகள்) திரவத்தை ஊற்றுவார்கள். வினையைத் தொடங்கிவைக்கக் கொஞ்சம் பெராக்சைடு சேர்க்கப்பட்டிருக்கும். பிறகு அடுப்பில் வைத்து, படிப்படியாகச் சூட்டைக் கூட்டி, ஏறத்தாழ ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் காரியம் கெடும். திரவம் திடமாகும்போது அதன் கன அளவு சுமார் 14 சதவீதம் சுருங்குகிறது; சுருக்கம் சீராக நடக்கவில்லை என்றால் லென்ஸ் அச்சிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும் அல்லது விரிசல் விடும். சூடு வேகமாக ஏறினால் உள்ளே திரவம் சுழன்று, கண்ணுக்கு எளிதில் புலப்படாத வரிகளாக உறைந்துவிடும். அந்த வரிகளில் ஒளிவிலகல் எண் இம்மியளவு மாறியிருக்கும், பார்க்கும் எழுத்து லேசாக அலையும்.

நிதானமாக இறுகிய சி.ஆர்.-39 எவ்வளவு சீரானது என்பதற்குக் கண் மருத்துவத்துக்கு வெளியே ஒரு சான்று உண்டு. கதிரியக்கத்தில் வெளிப்படும் ஆல்பா துகள் ஒன்று இந்தப் பிளாஸ்டிக்கைத் துளைத்துப் போனால் வழியிலுள்ள பிணைப்புகளை அறுத்துவிட்டுப் போகிறது. பிறகு சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் அறுந்த இடம் மட்டும் வேகமாக அரிக்கப்பட்டு, நுண்ணோக்கியில் சிறு குழியாகத் தெரியும். 1978-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்குப் பின், ரேடான் வாயுவையும் நியூட்ரான் கதிர்வீச்சையும் அளக்க உலகெங்கும் இதே பொருளின் சிறு துண்டுகளைப் பயன்படுத்துகிறார்கள். உள்ளமைப்பு திட்டுத்திட்டாக இருந்தால் ஒற்றைத் துகளின் தடத்தை இப்படி எண்ணிவிட முடியாது.

பாலிகார்பனேட்டின் கதை வேறு. 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெலும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். மணிமணியான துகள்களை 300 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உருக்கி அச்சுக்குள் பீய்ச்சினால் சில நிமிடங்களில் லென்ஸ் கையில். ஆனால் அந்த அவசரத்துக்கு ஒரு விலை உண்டு. பாயும்போது நீண்டு வரிசைகட்டிய மூலக்கூறுகள், இளைப்பாற நேரமில்லாமல் அப்படியே உறைந்து, லென்ஸுக்குள் தகைவாக, அதாவது உள்ளே அடைபட்ட இழுவிசையாக, தங்கிவிடுகின்றன.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். லேப்டாப்பின் எல்.சி.டி. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். போலரைஸ்டு குளிர்கண்ணாடியைக் கண்முன் பிடித்து, திரை கறுத்துப்போகும் வரை மெல்லத் திருப்புங்கள். இப்போது சோதிக்க வேண்டிய லென்ஸைத் திரைக்கும் குளிர்கண்ணாடிக்கும் நடுவில் நீட்டினால், வார்த்த சி.ஆர்.-39 ஏறக்குறைய இருட்டாகவே இருக்கும். பிரேம் நெருக்கும் ஓரங்களில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கசியலாம். பாலிகார்பனேட்டில் வானவில் வண்ணத்தில் பட்டைகள் ஓடும். அந்தப் பட்டைகள்தான் உறைந்த தகைவு. அன்றாடப் பார்வையில் இது பெரும்பாலோருக்கு உறைக்காது. ஆனால் பிரேமில்லாக் கண்ணாடிக்காகத் துளை போட்டால் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கி பட்டால் பாலிகார்பனேட் வெளுத்து நொறுங்கும், சி.ஆர்.-39 அசராது.

அப்படியானால் பாலிகார்பனேட்டை ஏன் யாரும் வாங்க வேண்டும்? பிணைக்கப்படாத அந்த இழைகள்தான் காரணம். அடி விழும்போது அவை நழுவிக் கொடுத்து வேகத்தை விழுங்கிக்கொள்கின்றன. இறுகிய வலைக்கு அந்த நெகிழ்வு குறைவு. தாங்கும் வரை தாங்கி, பிறகு உடைகிறது. அமெரிக்காவில் 1972 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஏறத்தாழ 16 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டை 127 செ.மீ. உயரத்திலிருந்து லென்ஸ் மீது போட வேண்டும். போதிய தடிமன் இருந்தால் சி.ஆர்.-39-ம் இதில் தேறிவிடும். தொழிற்சாலைப் பாதுகாப்புக் கண்ணாடிக்கான சோதனை கடுமையானது: கால் அங்குல எஃகுக் குண்டு வினாடிக்குச் சுமார் 46 மீட்டர் வேகத்தில் மோதும். அங்கே பாலிகார்பனேட்டின் ராஜ்ஜியம்தான். ஆகவே குழந்தைகள், பட்டறையில் வேலை செய்பவர்கள், ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்கள் ஆகியோருக்கு மற்றக் குறைகளை மறந்துவிட்டு இதைத்தான் சொல்வேன். கீறல் எளிதில் விழும் பொருள் என்பதால் கடினப் பூச்சு இல்லாமல் மட்டும் வாங்கக் கூடாது.

இரண்டுக்கும் நடுவே ஒருவர் இருக்கிறார்: டிரைவெக்ஸ். ராணுவ வாகனங்களின் குண்டு துளைக்காத ஜன்னல்களுக்கான ஆய்வில் பிறந்த யூரித்தேன் வகைப் பிளாஸ்டிக். 2001-இல் பி.பி.ஜி. இதை லென்ஸாகக் கொண்டுவந்தது. பாலிகார்பனேட்டுக்கு நிகராக அடி தாங்கும். ஆனால் உருக்கிப் பீய்ச்சாமல் அச்சில் வார்த்து இறுக வைப்பதால் தகைவு மிகக் குறைவு. குறுக்குப் பிணைப்பை அளவோடு நிறுத்தி, வலை இறுகவும் வேண்டும், அடிக்கு வளைந்தும் கொடுக்க வேண்டும் என்று வடிவமைத்த பொருள் இது. என் பார்வையில் இந்த வரிசையிலேயே புத்திசாலித்தனமான வேதியியல் இதுதான். எல்லாக் கடையிலும் கேட்டவுடன் கிடைத்துவிடாது என்பதும், தடிமனில் சி.ஆர்.-39-ஐவிடப் பெரிதாக மெலியாது என்பதும் குறைகள்.

பட்டியலின் மேல் தட்டில் இருப்பவை கந்தகத்தை நம்பியவை. ஒளிவிலகல் எண்ணைக் கூட்டுவதற்குக் கந்தக அணுவின் தளர்வான எலக்ட்ரான்கள் உதவுகின்றன. ஜப்பானின் மிட்சுயி கெமிக்கல்ஸ் 1980-களில் இந்தக் கந்தகம் கலந்த பிளாஸ்டிக் வரிசையைத் தொடங்கியது. அதில் எம்.ஆர்.-8 என்பது 1.60, எம்.ஆர்.-7 என்பது 1.67, எம்.ஆர்.-174 என்பது 1.74. கடையின் பின்கட்டில் இந்த லென்ஸ்களை ஓரம் அரைக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு வேலை செய்யும் தொழிலாளியைப் பற்றிப் பட்டியலில் ஒரு வரியும் இல்லை.

எண்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். அபே எண் என்பது நிறங்கள் எவ்வளவு குறைவாகப் பிரிகின்றன என்பதற்கான அளவு; அது பெரிதாக இருந்தால் நல்லது.

| லென்ஸ் | ஒளிவிலகல் எண் | அபே எண் | அடர்த்தி (கிராம்/க.செ.மீ.) |
|---|---|---|---|
| சாதாரணக் கண்ணாடி | 1.523 | 58 | 2.54 |
| சி.ஆர்.-39 | 1.50 | 58 | 1.32 |
| டிரைவெக்ஸ் | 1.53 | 43–45 | 1.11 |
| பாலிகார்பனேட் | 1.586 | 30 | 1.20 |
| எம்.ஆர்.-8 | 1.60 | 41 | 1.30 |
| எம்.ஆர்.-7 | 1.67 | 31 | 1.35 |
| எம்.ஆர்.-174 | 1.74 | 33 | 1.47 |

கடைக்காரர்கள் அதிகம் தள்ளிவிடும் 1.56-ஐ அட்டவணையில் சேர்க்கவில்லை. அபே எண் சுமார் 37. எளிதில் நொறுங்கும் தன்மை. மெலிவில் கிடைக்கும் லாபமும் சொற்பம். கடைக்கு அது லாபகரமான சரக்காக இருக்கலாம், நமக்கு அல்ல.

இனி மெலிவுக்கு வருவோம். மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்கும். மையத்திலிருந்து வெளி ஓரம் 25 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, நடுவைவிட ஓரம் எவ்வளவு கூடுதலாகத் தடிக்கும் என்று கணக்குப் போடலாம். பவர் மைனஸ் 6 என்றால் சி.ஆர்.-39-இல் சுமார் 3.8 மி.மீ., 1.60-இல் 3.1, 1.67-இல் 2.8, 1.74-இல் 2.5. முதல் படியில் 0.6 மி.மீ.க்கு மேல் குறைகிறது. கடைசிப் படியில், விலை எக்கச்சக்கமாகத் தாவும் இடத்தில், வெறும் 0.3. மைனஸ் 2 பவருக்கோ சி.ஆர்.-39-க்கும் 1.67-க்குமான மொத்த வித்தியாசமே 0.3 மி.மீ.தான். மைனஸ் ஒன்றரைக்கு 1.67 விற்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வியாபாரத் திறமைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம்.

இந்தக் கணக்கில் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. ஓரத் தடிமன், மையத்திலிருந்து உள்ள தூரத்தின் இருமடிக்கு ஏற்றபடி மாறுகிறது. அதே மைனஸ் 6 பவருக்கு, ஓரம் 22 மி.மீ.யில் முடியும் சற்றுச் சிறிய பிரேமை எடுத்தால், 1.60 லென்ஸின் கூடுதல் தடிமன் 2.4 மி.மீ. பெரிய பிரேமில் போட்ட 1.74-ஐவிட இது மெல்லியது! ஆகவே பவர் கூடியவர்கள் லென்ஸுக்கு முன்னால் பிரேமில் கவனம் வைப்பது நல்லது. முகத்துக்குப் பெரிய சதுரப் பிரேம்தான் வேண்டும் என்றால் அது அவரவர் ஆசை, தலையிடுவதற்கில்லை. ஆனால் அந்த ஆசையின் பாரத்தை 1.74 முழுதாகச் சுமக்காது. எடையிலும் அப்படித்தான். அடர்த்தி 1.47 என்பதால், மெலிந்த அளவுக்கு எடை குறைவதில்லை.

மெலிவுக்குக் கொடுக்கும் விலை ரூபாயில் மட்டும் இல்லை. அபே எண் 30-ஐ ஒட்டிய லென்ஸில், பவர் கூடியவர்கள் ஓரமாகக் கண்ணைச் சாய்த்துப் பார்த்தால், வெள்ளைப் பின்னணியில் உள்ள கறுப்பு எழுத்துக்கு நீலமும் மஞ்சளுமாகக் கரை கட்டும். மைனஸ் 6 பவரில் மையத்திலிருந்து 15 மி.மீ. தள்ளிப் பார்த்தால் பாலிகார்பனேட்டில் நிறச் சிதறல் சி.ஆர்.-39-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பலர் பழகிவிடுவார்கள். நாள் முழுக்கத் திரையில் எழுத்துத் திருத்துபவர்கள் பழக மாட்டார்கள். அடுத்தது பிரதிபலிப்பு: ஒவ்வொரு பரப்பிலும் சி.ஆர்.-39 சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்றால், 1.74 ஏழு சதவீதத்துக்கு மேல் அனுப்பும். எண் கூடக் கூட எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு கட்டாயமாகிவிடுகிறது. அந்தப் பூச்சோ, அடியிலுள்ள பிளாஸ்டிக் அளவுக்கு வெயிலில் விரியாது. கத்திரி வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் கண்ணாடியை வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது பூச்சில் சிலந்தி வலைபோல் விரிசல் விழுந்திருக்கலாம். எந்த எண்ணாக இருந்தாலும் இதற்கு விலக்கில்லை.

என் தேர்வு இதுதான். பவர் 3-க்குள் என்றால் சி.ஆர்.-39, மிச்சப் பணத்தை நல்ல பூச்சில் போடலாம். 3-க்கு மேல் 6, 7 வரை எம்.ஆர்.-8, பிரேமில்லாக் கண்ணாடிக்கும் துளை தாங்கும் என்பதால் அதுவே, இல்லாவிட்டால் டிரைவெக்ஸ். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தால் டிரைவெக்ஸ், கிடைக்காவிட்டால் பாலிகார்பனேட். 1.74-ஐப் பவர் 8, 10 என்று போகிறவர்களுக்கு விட்டுவிடலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. 1.60 என்று விற்பதெல்லாம் எம்.ஆர்.-8 அல்ல. அக்ரிலிக் அடிப்படையிலான மலிவு வகைகளும் அதே எண்ணுடன் வருகின்றன. ஒளிவிலகல் எண் ஒன்றாக இருக்கும், உறுதி ஒன்றாக இருக்காது. ஆர்டர் கொடுக்கும்போதே பில்லில் பொருளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். லென்ஸ் வந்த காகித உறையைக் கண்ணாடியுடன் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். வழக்கமாக அது ஓரம் அரைத்த கையோடு குப்பைக்கூடைக்குப் போய்விடும் என்பதால், இதை முன்பணம் கட்டும்போதே சொல்லிவைக்க வேண்டும்.