அரசுக் கட்டடத்துக்கு எந்தப் பசுமைத் தரம்? லீட், பாசிவ் ஹவுஸ், நேபர்ஸ்

தனியார் நிறுவனம் கட்டடத்தைக் கட்டி விற்றுவிட்டு நகர்ந்துவிடலாம். அரசு அப்படிச் செய்வது அரிது. ஒரு பள்ளியையோ அலுவலகத்தையோ கட்டினால், பல பத்தாண்டுகளுக்கு அதன் மின்கட்டணம் மக்கள் வரிப்பணத்தில்தான் போகும். அதனால் எந்தப் பசுமைக் கட்டடத் தரச்சான்றைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: ஆட்கள் குடிவந்த பிறகு மீட்டர் என்ன காட்டுகிறது என்று இது பார்க்கிறதா?

அமெரிக்காவின் லீட் சான்று அதைப் பார்ப்பதில்லை என்றே சொல்லலாம், குறைந்தது புதுக் கட்டடச் சான்றில். அதன் எரிசக்திக் கணக்கு பெரும்பாலும் கணினிக் கணிப்பு. மொத்தம் 110 புள்ளிகள். 60 எடுத்தால் தங்கம், 80 எடுத்தால் பிளாட்டினம். அமெரிக்கக் கூட்டரசின் கட்டடங்களைக் கவனிக்கும் ஜிஎஸ்ஏ அமைப்பு தன் புதிய கட்டடங்களுக்கு 2010இல் தங்கத்தைக் கட்டாயமாக்கியது. தண்ணீர், கட்டுமானப் பொருள், மனை, உள்காற்று என எல்லாவற்றையும் தொடுவது லீடின் பலம். ஆனால் கட்டாய நிபந்தனைகளைத் தாண்டிவிட்டால், எரிசக்தியில் விட்ட புள்ளியை வேறெங்காவது பிடித்துவிடலாம். பிரிட்டனின் பிரீயம் சான்றும் ஏறக்குறைய இதே பாணிதான்.

ஜெர்மனியில் உருவான பாசிவ் ஹவுஸில் இந்தப் பேரம் கிடையாது. சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 கிலோவாட் மணி, அவ்வளவுதான். அப்புறம் கட்டி முடித்த கட்டடத்திலேயே காற்றுக் கசிவுச் சோதனை: 50 பாஸ்கல் அழுத்தத்தில் உள்ளிருக்கும் மொத்தக் காற்றும் மணிக்கு 0.6 தடவைக்கு மேல் மாறக் கூடாது. சுவரில் விட்ட ஓட்டையை எந்தக் கோப்பும் மறைக்க முடியாது. தண்ணீரைப் பற்றி மட்டும் இது பெரிதாகக் கேட்பதில்லை.

ஆஸ்திரேலியாவின் நேபர்ஸ்தான் என் தேர்வு. 12 மாத உண்மையான எரிசக்திப் பயன்பாட்டைப் பார்த்து 6 நட்சத்திரம் வரை தருகிறது. சான்று ஓராண்டுக்குத்தான், மறுபடி அளக்க வேண்டும். அரசுகளிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய கட்டடங்கள் என்பதால் இது இன்னும் பொருந்தும். சரி, சுவர் எழும்பிய பிறகு அளந்து என்ன பயன் என்று கேட்கலாம். அதற்காகவே, இத்தனை நட்சத்திரம் எட்டுவோம் என்று கட்டுவதற்கு முன்பே கையெழுத்திடும் ஒப்பந்தமும் அதில் உண்டு.

புதுக் கட்டடம் என்றால், டெண்டரிலேயே பாசிவ் ஹவுஸின் கசிவுச் சோதனையை எழுதி, ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையை அந்த 12 மாத அளவீடு வரும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். தண்ணீருக்கும் பொருளுக்கும் லீடின் நிபந்தனைகளை எடுத்துக்கொள்ளலாம்.