வெளியூரில் சைவச் சாப்பாடு: உள்ளூர் சைவக் கடையா, இந்திய உணவகமா, பெட்டியில் கட்டிப்போகும் சமையலா?

கிழக்காசிய, தென்கிழக்காசிய நகரங்களுக்குக் கிளம்பும் சைவக்காரர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. அந்த ஊர்ச் சைவர்களுக்காக அந்த ஊர்க்காரர்களே நடத்தும் கடை ஒன்று. இந்திய உணவகம் இன்னொன்று. அவல், பொடி, சின்ன குக்கர் என்று பெட்டியில் கட்டிக்கொண்டு போவது மூன்றாவது. என் ஓட்டு முதலாவதற்கு. தைவானின் தைப்பே, வியட்நாமின் சைகோன், தாய்லாந்தின் பாங்காக் மூன்றிலும் தயக்கமில்லாமல் இதையே சொல்வேன். தோக்கியோவில் மட்டும் கணக்கு மாறும்.

பழம், ரொட்டி, வறுத்த கடலை எல்லா ஊரிலும் கிடைக்கும், அதை விட்டுவிடலாம். இந்தியக் கடை விலை அதிகம், உள்ளூர்க் கடை மலிவு என்பதும் தெரிந்ததுதான். எது நல்ல வழி என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று: சமையலுக்கு அடியில் ஊற்றும் சாறும் சாஸும்.

தட்டில் கிடக்கும் கறித்துண்டை யாரும் பார்த்து ஒதுக்கிவிடலாம், சாற்றையும் சாஸையும் அப்படி ஒதுக்க முடியாது. தாய்லாந்தில் மீன் சாஸான நாம் ப்ளா உப்பின் இடத்தில் இருக்கிறது. இறால் விழுதான கப்பி கறி மசாலாவை அரைக்கும்போதே உள்ளே போய்விடுகிறது. வியட்நாமில் அந்த இடத்தில் நுவொக் மாம் என்ற மீன் சாஸ். ஜப்பானில் தாஷி என்ற சாறு. பெரும்பாலும் உலர்த்திச் சீவிய காட்ஸுவோ மீனைக் கொதிநீரில் போட்டு எடுப்பது. மிசோ சூப், சோபா நூடுல்ஸின் குழம்பு, டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, இனிப்பான டோஃபு உறைக்குள் சோறு வைத்த இனாரி என்று எல்லாவற்றிலும் அது உண்டு. பரிமாறுகிறவர் "மீன் இல்லை" என்று மனதாரச் சொல்வார், பொய்யில்லை. அவர் கணக்கில் மீன் என்றால் துண்டு மட்டும்தான்.

இதனால்தான் "சைவமும் கிடைக்கும்" என்று எழுதியிருக்கும் பொதுக் கடைகளை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அங்கே ஒவ்வொரு வேளையும் நான்கு கேள்வி கேட்க வேண்டும்: மீன் சாஸ் உண்டா, இறால் விழுது உண்டா, சிப்பி சாஸ் உண்டா, சூப்பு எதில் கொதித்தது? முதலாவதை மறுத்தால் மூன்றாவதை ஊற்றிக் கொடுப்பது வழக்கம். சமையலறை முழுக்கச் சைவமாக இருந்தால் கேள்வியே தேவையில்லை. உள்ளூர் சைவக் கடையின் பலம் இதுதான்.

மூன்றிலும் எளிதான ஊர் தைப்பே. கடை வாசலில் சைவத்துக்கான 'சூ' (素) என்ற சீன எழுத்து இருக்கும், பல கடைகளில் கூடவே ஸ்வஸ்திகாவும் இருக்கும். அந்த எழுத்தைக் கைபேசியில் சேமித்துவைத்து வரைபடத்தில் அப்படியே ஒட்டித் தேடுங்கள். ஆங்கிலத்தில் தேடினால் சுற்றுலாக்காரர்களுக்கான பத்துக் கடை வரும், எழுத்தை ஒட்டித் தேடினால் தெருவுக்குத் தெரு வரும். இவற்றில் எடைக்குக் காசு வாங்கும் கடைகள்தான் சிறந்தவை. அட்டைப் பெட்டியோ தட்டோ எடுத்து, வேண்டிய கீரை, டோஃபு, கத்தரிக்காய், காளான் எல்லாம் நாமே போட்டுக்கொண்டு கல்லாவில் எடை போட வேண்டும். சோற்றுக்குத் தனிக் காசு, சூப்பு பெரும்பாலும் இலவசம். ஒருவர் வயிறார உண்ண ஏறக்குறைய 100 முதல் 150 தைவான் டாலர் ஆகும். பூசணியும் சாறு வடியும் டோஃபுவும் எடையை ஏற்றிவிடும். கீரையை அள்ளினால் தட்டு நிறையும், காசு ஏறாது.

நேரம் முக்கியம். பகல் 11:30-க்குப் போனால் எல்லாம் சூடாக இருக்கும், ஒரு மணிக்கு மேல் அடி தட்டும். இரவு என்பது அங்கே மாலை 5 முதல் 7:30 வரை. எட்டு மணிக்கு மேல் போய் நின்றால் கதவு சாத்தியிருக்கும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, அசைவர்களும் சைவம் உண்பதால் கூட்டம் நெரியும். பதார்த்தமும் அன்றைக்குத்தான் அதிகம்.

பொட்டலத்தில் அடைத்த பொருள்களுக்குத் தைவானில் சைவ வகையை அச்சிடும் விதி உண்டு. ஐந்து வகைகள்: முழுச் சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, வெங்காயம் பூண்டு சேர்ந்தது. பாலுண்டு முட்டை உண்ணாத நமக்கு முதலாவதும் மூன்றாவதும் சரி. ஐந்தாவதில் கவனம் வேண்டும். வெங்காயமும் பூண்டும்தானே என்று எடுத்துவிடக் கூடாது, அந்த வகையில் முட்டையும் பாலும் இருக்கலாம். முழுச் சைவத்தில் வெங்காயம், பூண்டு வகையறா எதுவுமே கிடையாது. அதனால் வெங்காயம் பூண்டு விட்டவர்கள் வெளிநாட்டில் இவ்வளவு நிம்மதியாக உண்ணக்கூடிய ஊர் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். சமண விதிப்படி கிழங்கும் தவிர்ப்பவர்கள் மட்டும் தட்டைப் பார்த்து எடுக்க வேண்டும்.

சைகோனில் சைவத்துக்கான 'சாய்' (chay) என்ற சொல்லைத் தேட வேண்டும். பலகையில் 'கொம் சாய்' என்றிருந்தால் சைவச் சோற்றுக் கடை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சாதாரண நூடுல்ஸ் வண்டிகள்கூடச் சைவத்துக்கு மாறும். அங்கே ஒரு கண்ணி உண்டு. அன்னாசி, சோயா, உப்பு வைத்துச் செய்யும் சைவ நுவொக் மாமும் அசல் மீன் சாஸும் நிறத்தில் ஒன்றுபோலவே இருக்கும். முழுச் சைவக் கடையில் மேசைமேல் இருப்பதைப் பயமின்றி ஊற்றிக்கொள்ளலாம். ஒருநாள் சைவ வண்டியில் மேசைப் புட்டியைத் தொடாதீர்கள், அது நேற்றைய புட்டியாக இருக்கக்கூடும்.

பாங்காக்கில் அடையாளம் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து. நம் கண்ணுக்கு 17 என்று எழுதியதுபோல் இருக்கும். அது 'ஜே' உணவு: கறி, மீன், முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் இல்லை. 'மங்சவிரத்' என்றால் முட்டையும் பாலும் இருக்கலாம். நமக்கு ஜே கடைதான் பத்திரம், ஜே சமையலில் கறி மசாலா விழுதும் இறால் இல்லாமல் தனியாக அரைக்கப்படும். சோற்றின்மேல் இரண்டு குழம்பு ஊற்றித் தரும் ஜே கடைகள் காலையில் திறந்து பிற்பகல் இரண்டு மணிவாக்கில் மூடுகின்றன. ஆண்டுதோறும் செப்டம்பர் அல்லது அக்டோபரில் ஒன்பது நாள் ஜே விழா வரும். அப்போது யாவொராத் சீனர் தெரு முழுக்க மஞ்சளாக இருக்கும். விழா முடிந்த பிறகும் சில கடைகளில் கொடி கழற்றப்படாமல் தொங்கும். உள்ளே பன்றிக்கறி தொங்கினால் கொடியை நம்ப வேண்டாம்.

உள்ளூர்க் கடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். தயிர் கிடையாது, மூன்றாம் நாள் நாக்கு மோருக்கு ஏங்கும். கோதுமைப் பசையிலும் சோயாவிலும் செய்த போலிக் கறி பார்ப்பதற்கும் கடிப்பதற்கும் அசல் கறி மாதிரியே இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் சிலர் அதைப் பார்த்தாலே எழுந்துவிடுவார்கள். அவர்களுக்குக் கீரை, டோஃபு, காளான் மட்டும் எடுத்துவையுங்கள். சில போலிக் கறிகளில் இழுவைக்காக முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதும் உண்டு. ஜே கடையிலும் தைவானின் முழுச் சைவத்திலும் இந்தத் தொல்லை இல்லை.

இந்திய உணவகத்துக்கு வருவோம். இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கும், நம் மொழியிலோ இந்தியிலோ கேட்டுக்கொள்ளலாம், தயிர் உண்டு. ஆனால் பெரும்பாலும் அதுவும் பொதுச் சமையலறைதான். பனீருக்கும் கோழிக்கும் ஒரே கரண்டி, பக்கோடாவுக்கும் மீனுக்கும் ஒரே எண்ணெய். 'நான்' ரொட்டி மாவில் முட்டை சேர்க்கும் கடைகளும் இருப்பதால் சப்பாத்தி கேட்பது நல்லது. ஜப்பானில் இந்திய உணவகங்களில் பலவற்றை நேபாளத்தவர்கள் நடத்துகிறார்கள். மிருதுவாகப் பேசுவார்கள், சொன்னால் தனி வாணலியில் செய்தும் தருவார்கள். கூட்டமான மதிய நேரத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. மூன்று வேளை பனீர் வெண்ணெய் மசாலா உண்டால் நான்காம் நாள் வயிறு மறுக்கும்.

பாங்காக்கில் தேவைப்பட்டால் குருத்வாரா இருக்கும் பாஹுராத் பக்கமும், தமிழர்கள் எழுப்பிய சீலோம் மாரியம்மன் கோயிலைச் சுற்றியும் தேடலாம். சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு மூன்றும் இந்த ஒப்பீட்டுக்கே வெளியே நிற்பவை. சிரங்கூன் சாலையில் 1947 முதல் கோமள விலாஸ் இருக்கும்போது யார் அலைவார்? இருந்தாலும் சிங்கப்பூரின் உணவங்காடி நிலையங்களில் காலையில் விற்கும் சீனச் சைவ பீஹூனை (அரிசிச் சேமியா) ஒருமுறை உண்டு பாருங்கள். பாரிஸ் லா ஷப்பேலில் ஈழத்தமிழர் கடைகள் நிறைய உண்டு. அங்கே இடியப்பமும் சொதியும் பார்த்ததும் மனம் இளகிவிடும். ஆனால் சம்பலில் மாசிக் கருவாடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உண்ணுங்கள். தமிழிலேயே கேட்கலாம் என்பது ஆறுதல்.

இனி தோக்கியோ. புத்த விகாரைச் சைவமான ஷோஜின் ரியோரி அங்கே உண்டு. ஆனால் அது விருந்து, அன்றாடச் சாப்பாடு அன்று. விலை அதிகம், பல இடங்களில் முன்பதிவும் வேண்டும். தைப்பேயில் தெருவுக்குத் தெரு கிடைப்பது இங்கே இல்லை. தோக்கியோ ரயில் நிலையத்துக்குள் டிக்கெட் கதவைத் தாண்டி இருக்கும் டீஸ் தன்தன் போல முழுக்கத் தாவர உணவான ராமென் கடைகள் சில உண்டு. அவற்றைப் பயணப் பாதையில் முன்கூட்டியே குறித்துக்கொண்டு, மீதி வேளைகளை அறையிலேயே முடித்துக்கொள்வதுதான் புத்தி.

மளிகைக் கடையில் பொட்டலம் வாங்கும்போது பலர் ஒவ்வாமைக் கட்டத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஜப்பானில் முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு போன்றவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும், காட்ஸுவோ மீன் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கட்டத்தில் மீன் படம் இல்லாததால் மீன் இல்லை என்று ஆகாது. கேமரா மொழிபெயர்ப்பை முழு உட்பொருள் பட்டியலின்மேல் காட்டி, காட்ஸுவோ, மீன் சத்து, பன்றி, ஜெலட்டின் என்ற நான்கையும் தேடுங்கள். ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்று உருண்டையிலும் மீன் சத்து இருப்பதுண்டு.

அறைச் சமையலில் எல்லாரும் சறுக்குவது மின்னழுத்தத்தில். ஜப்பானில் 100 வோல்ட், தைவானில் 110. நம் ஊர் 230 வோல்ட் குக்கர் 700 வாட் என்றால் ஜப்பானில் 130 வாட்டுக்குச் சுருங்கிவிடும். அரிசி வேகாது, வெதுவெதுப்பில் ஊறிக்கொண்டிருக்கும். பிளக் மாற்றி இதற்கு உதவாது. இரு அழுத்தத்துக்கும் மாற்றக்கூடிய பயணக் குக்கர் வேண்டும். சமையலறையோடு கூடிய அறை என்றால் பெரும்பாலும் இண்டக்ஷன் அடுப்பு இருக்கும், அலுமினியப் பாத்திரம் அதில் சூடாகாது. புகை உணரி உள்ள அறையில் கடுகு தாளிக்க வேண்டாம். வீட்டிலேயே கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை நன்றாக வறுத்து ஆறவைத்து டப்பாவில் எடுத்துப் போங்கள். பச்சைக் கறிவேப்பிலையை ஜப்பான், ஆஸ்திரேலியா விமான நிலையங்களில் பிடுங்கிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் பருப்பு, பொடி எல்லாவற்றையும் அறிவிப்புப் படிவத்தில் எழுதியே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் நெய், பால்கோவா கொண்டுபோகக் கூடாது.

குக்கர் இல்லாமலும் தோக்கியோவில் பிழைக்கலாம். 200 கிராம் வெந்த சோறு பொட்டலமாக விற்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். அறையில் இல்லையென்றால் வாங்கிய கடையிலேயே சூடாக்கித் தருவார்கள். 400 கிராம் டப்பாவில் இனிப்பில்லாத தயிர் கிடைக்கும். புளிப்புப் போதாது, அரை நாள் வெளியே வைத்தால் நம் பக்குவத்துக்கு வரும். அந்த ஊர் அரிசி இயல்பிலேயே குழைவு, தயிர்ச்சோற்றுக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை. உப்பு, வறுத்துவைத்த தாளிப்பு, முன்பே பொரித்த மோர் மிளகாய் போதும். காலைக்குக் கெட்டி அவலைக் கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் புளிக்காய்ச்சல் கலந்துகொள்ளலாம். இரண்டு பேருக்கு ஒரு வாரத்துக்கு ஒரு கிலோ அவல், 200 கிராம் புளிக்காய்ச்சல், 200 கிராம் பருப்புப் பொடி தாராளம்.

கிழக்காசியாவுக்கு வெளியேயும் உள்ளூர் மரபைத் தேடும் முறை பலன் தரும், அந்தந்த ஊர் விதியைத் தெரிந்துகொண்டு போனால். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் கிறிஸ்தவ நோன்பு நாள்களான புதன், வெள்ளியிலும் பெரிய நோன்புக் காலத்திலும் 'யெத்சோம் பெயாய்னெத்து' என்ற நோன்புத் தட்டைக் கேளுங்கள். புளித்த மாவில் வார்த்த இஞ்செராவின்மேல் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ் வரும், நெய்க்குப் பதில் எண்ணெய். தோசைக்காரர்களுக்கு நாக்கு உடனே பழகும். செர்பியாவின் பெல்கிரேடில் 'போஸ்னோ' என்ற நோன்பு உணவை அதே தைரியத்தில் கேட்காதீர்கள், அங்கே மீனும் நோன்பில் சேர்த்தி.

முதல் இரவுக்கு மட்டும் என் விதியைத் தளர்த்துகிறேன். விமானம் இரவு எட்டுக்கு மேல் இறங்கினால் உள்ளூர் சைவக் கடை மூடியிருக்கும். அன்றைக்கு இந்திய உணவகமோ கைப்பையில் வைத்த அவலோதான். விமானத்தில் 'ஏவிஎம்எல்' என்ற குறியீட்டில் இந்திய பாணிச் சைவம் வரும், 'விஜிஎம்எல்' என்றால் பாலும் தயிரும் இல்லாத சாப்பாடு. புறப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு பதிந்திருக்க வேண்டும். இடையில் வேறு நிறுவனத்தின் விமானத்துக்கு மாறினால் அந்த நிறுவனத்திடம் தனியாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், முதல் விமானத்தில் பதிந்தது அங்கே போய்ச் சேராமலும் இருக்கலாம்.