ராம்கூலமா, ஜக்நாத்தா? மொரீஷியஸின் இரு பிரதமர்கள்

மொரீஷியஸை உருவாக்கியவர் யார் என்ற பேச்சு வந்தால் இரண்டு பெயர்கள் மோதும். சிவசாகர் ராம்கூலம் லண்டனில் படித்த மருத்துவர். 1968 மார்ச் 12-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாட்டின் முதல் பிரதமர். இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியது அவர் ஆட்சிதான். 1982 தேர்தலில் பிரதான தீவின் 60 இடங்களையும் அவர் கட்சி இழந்தது, அவரும் தோற்றார்.

எதிரணியின் அந்த வெற்றியில் பிரதமரானவர் வழக்கறிஞர் அனிருத் ஜக்நாத். அடுத்த ஆண்டே கூட்டணி உடைந்தது. புதுக் கட்சி தொடங்கி மறுபடி ஜெயித்தார். 1992-ல் நாடு குடியரசானது. 1995-ல் அவருக்கும் அதே 60-க்கு பூஜ்யம்! ஆனால் ராம்கூலம் போல ஒதுங்கவில்லை. 2000-லும் 2014-லும் திரும்பி வந்தார். 2017-ல் தேர்தல் இல்லாமலே மகனிடம் பதவியைக் கொடுத்தது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல.

சரி, இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகள்? 1965 லண்டன் மாநாட்டில் ராம்கூலம் 30 லட்சம் பவுண்டு இழப்பீட்டுக்கு அந்தத் தீவுகளை மொரீஷியஸிலிருந்து பிரித்து பிரிட்டன் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். விடுதலை கையில் கிடைக்குமா என்ற நெருக்கடி அவருக்கு. அதை மறக்கக் கூடாது. அதே மாநாட்டுக்குப் போயிருந்த ஜக்நாத், 2018-ல் 88 வயதில் ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் நின்று, அன்று நடந்ததை நேரில் கண்டவராகப் பேசினார். மறு ஆண்டு நீதிமன்றத்தின் கருத்து மொரீஷியஸ் பக்கம் வந்தது.

பள்ளிக்கூடத்துக்காக நான் ராம்கூலத்தையே முதலில் வைப்பேன். சாகோஸ் விஷயத்தில் மட்டும் என் ஓட்டு ஜக்நாத்துக்கு.