ஒயர் வெட்டும் மெஷின் வாங்கப் போகிறீர்களா? உங்கள் ஒயர் காயிலைத் தூக்கிக்கொண்டு போங்கள்

கோவை கணபதியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார், கிரைண்டர் கம்பெனிகளுக்கு ஒயரை அளவுக்கு வெட்டி, முனை சீவி, லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) அடித்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். போன வருடம் 85,000 ரூபாயும் அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் கொடுத்து ஓர் ஆட்டோமேட்டிக் கட்டிங் மெஷின் வாங்கினேன். விற்றவர் பெயர் வேண்டாம். ஏமாந்த கதையை மட்டும் சொல்கிறேன்.

டெமோ அருமையாக இருந்தது. 100 மி.மீ. துண்டுகள் கடகடவென்று விழுந்தன. வெர்னியர் அளவுகோலில் வைத்தால் அரை மில்லிகூட வித்தியாசம் இல்லை. அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். எனக்கு வேண்டியது 1200 மி.மீ. என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த நீளத்தில் நாலு துண்டு வெட்டிக் காட்டச் சொல்ல எனக்குத்தான் தோன்றவில்லை.

பட்டறையில் 90 மீட்டர் காயிலை ஸ்டாண்டில் மாட்டி ஓட்டினோம். வந்தது 1182, 1190, 1185. போன் செய்தால், "செட்டிங்ல 15 கூட்டிப் போடுங்க சார், சரியாயிடும்" என்றார். போட்டோம். காயில் பாதி தீர்ந்து எடை குறைந்ததும் துண்டுகள் 1210ஐத் தாண்டின! ஒயரை இழுத்துத் தள்ளும் ரோலரை இறுக்கிப் பார்த்தோம். ஒயர் மேல் தடம் விழுந்தது. அதற்குள் பல காயிலில் வெட்டிய 600 துண்டு கம்பெனிக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இந்த மெஷின் ஒயரை அளப்பதே இல்லை. ஸ்டெப்பர் மோட்டார் (சின்னச் சின்னப் படியாகச் சுற்றும் மோட்டார்) ரோலரை எவ்வளவு சுற்றியது என்பதுதான் அதற்கு நீளம். பின்னால் காயில் பிடித்து இழுத்தால் ரோலர் வழுக்கும், மெஷினுக்குத் தெரியாது. ஒயரைத் தளர்வாக விட்டுக்கொடுக்க ப்ரீஃபீடர் என்று தனியாக ஒன்று வேண்டும். டெமோவில் ஒயர் மேஜை மேல் முன்கூட்டியே அவிழ்த்துக் கிடந்தது இப்போதுதான் உறைக்கிறது. ரோலர் தேய்ந்தாலும் இதே கதைதான்: 20 மி.மீ. விட்டமுள்ள ரோலர் தேய்ந்து விட்டம் 0.1 மி.மீ. குறைந்தால் மீட்டருக்கு 5 மி.மீ. குறையும்.

ப்ரீஃபீடர் பற்றிக் கேட்டால், "அது தனி விலை, நீங்க கேட்கவே இல்லையே" என்கிறார். ரோலருக்கும் பிளேடுக்கும் வாரண்டி கிடையாதாம். பில்லில் 'ஒயர் கட்டிங் மெஷின் - 1' என்பதைத் தவிர ஒரு வரி இல்லை. எதை வைத்துச் சண்டை போடுவது?

வாங்கப் போகிறவர்கள் சொந்தக் காயிலோடு போய், உங்கள் நீளத்தில் காயில் தீரும்வரை ஓட்டச் சொல்லுங்கள். முதல் துண்டு, நடுத்துண்டு, கடைசித் துண்டு மூன்றையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒயரைத் தொட்டு அளக்கும் என்கோடர் சக்கரம் தனியாக இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். எத்தனை மில்லி கூடக் குறைய வரலாம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

எங்கள் மெஷின் இப்போது 150 மி.மீ. துண்டு மட்டும் வெட்டுகிறது. 1200க்குப் பழையபடி பலகையில் இரண்டு ஆணி அடித்துக் கையால்தான் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.